நாற்பது மைல் முன்னேறிய படை தோற்றது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், முதல் உலகப் போரின் இறுதி ஆண்டில் ஜெர்மனி மேற்குப் போர்முனையில் நடத்திய வசந்தகாலப் பெருந்தாக்குதலைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். 1918 மார்ச் 21 அன்று தொடங்கிய அத்தாக்குதல் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 40 மைல் ஆழத்துக்குச் சென்றதையும், அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஜெர்மனி போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டதையும் அடுத்தடுத்த வரிகளில் சொல்லிவிட்டு, இடையில் நடந்ததை விளக்காமல் விட்டது என் குறை. அதைச் சுட்டிக்காட்டியும், வேறு போர்களை ஒப்பிட்டும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மூன்றரை ஆண்டுகளாகச் சில மைல்களுக்காக இரு தரப்பினரும் மடிந்துகொண்டிருந்த இடத்தில் ஜெர்மானியர் நாற்பது மைல் முன்னேறினர் என்றால், அது மாபெரும் வெற்றியல்லவா? வென்றவர்கள் எட்டே மாதத்தில் தோற்றது எப்படி? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த நாற்பது மைலில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1916-இல் சோம் ஆற்றங்கரையில் நடந்த போர் குண்டுகளால் உழுது போட்ட நிலம் அது. 1917-இன் தொடக்கத்தில் ஜெர்மானியர் தாமாகவே பின்வாங்கி ஹிண்டன்பர்க் அரண்வரிசைக்குச் சென்றபோது, பகைவருக்கு எதுவும் பயன்படக் கூடாதென்று சாலைகளைப் பெயர்த்து, பாலங்களைத் தகர்த்து, கிணறுகளைப் பாழாக்கி, பழமரங்களைக்கூட வெட்டிச் சாய்த்துவிட்டுப் போயிருந்தனர். ஓராண்டு கழித்து அவர்களுடைய பீரங்கிகளும் உணவு வண்டிகளும் அதே பாழ்நிலத்தைக் கடக்க வேண்டியதாயிற்று. குதிரைகள் தீவனமின்றி மெலிந்திருந்தன. கடல்வழி முற்றுகையால் ரப்பர் கிடைக்காமல் மோட்டார் வண்டிகள் இரும்புப் பட்டை கட்டிய சக்கரங்களில் ஓடிக்கொண்டிருந்தன. முன்னே நடந்து சென்ற காலாட்படை ஒவ்வொரு நாளும் தன் பீரங்கிகளையும் ரொட்டியையும் விட்டு விலகிச் செல்ல, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையோ ஒவ்வொரு நாளும் தன் ரயில் நிலையங்களையும் கிடங்குகளையும் நெருங்கியது.

முதல் நாள் தாக்குதல் போர்க்கலையின் பார்வையில் வியக்கத்தக்கது என்பதை மறுக்க முடியாது. ஏறத்தாழ 6,600 பீரங்கிகள் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் முழங்கின. நச்சுவாயுவும் அடர்ந்த காலைப் பனியும் சேர்ந்து பிரிட்டிஷ் காவல் முனைகளின் கண்ணை மறைத்தன. தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்ட அதிரடிப் பிரிவுகள், வலுவான அரண்களோடு மோதி நேரத்தை வீணாக்காமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தன. ஜெனரல் கஃப் தலைமையிலான பிரிட்டிஷ் ஐந்தாம் படையின் வரிசை நீளமாகவும் மெலிதாகவும் இருந்தது. அன்று ஒரு நாளில் மட்டும் ஏறத்தாழ 21,000 பிரிட்டிஷ் வீரர்கள் சிறைப்பட்டனர். மூன்று நாள் கழித்து ஜெர்மானியப் பேரரசர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்து வெற்றியைக் கொண்டாடச் செய்தார்.

ஆனால் உடைத்த பிறகு எங்கே போவது என்பதற்குத் தளபதி லூடன்டார்ஃபிடம் உறுதியான விடை இல்லை. ஓட்டையைப் போட்டுவிட்டால் மற்றவை தாமே நடக்கும் என்பதே அவருடைய நிலைப்பாடு. மார்ச் 23 அன்று அவர் தம் படைகளை வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என மூன்று திசைகளில் விரித்து அனுப்பினார். பிரிட்டிஷ் படைக்கு உயிர்நாடியாக இருந்த அமியான் ரயில் சந்திப்பு ஒன்றையே குறியாக வைத்து எல்லா வலிமையையும் அங்கே செலுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. தாக்குதல் அமியானுக்குச் சற்று முன்னால், ஏப்ரல் 5 அன்று ஓய்ந்தது. இடையில் மார்ச் 26 அன்று, அதுவரை தனித்தனியே முடிவெடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பிரெஞ்சுத் தளபதி ஃபோஷிடம் ஒப்படைக்கப்பட்டது. நேச நாடுகள் மூன்றரை ஆண்டுகளாகத் தம்முள் பேசித் தீர்க்க முடியாத ஒன்றை ஜெர்மானியத் தாக்குதல் ஐந்து நாளில் தீர்த்து வைத்தது.

கைப்பற்றிய பிரிட்டிஷ் கிடங்குகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்களால் எதிரியும் தங்களைப் போலவே பட்டினி கிடக்கிறான் என்று ஜெர்மானிய வீரர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் உள்ளே நுழைந்தபோது கண்டது வெள்ளை ரொட்டி, பன்றி இறைச்சி, தோல் காலணி, பெட்டி பெட்டியாக மது. ஆண்டுக்கணக்காகக் கிழங்கும் கலப்பட ரொட்டியும் தின்றிருந்தவர்கள் ஆல்பர்ட் போன்ற ஊர்களில் தாக்குதலை மறந்து உண்ணவும் குடிக்கவும் அமர்ந்துவிட்டதை அவர்களுடைய அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். பசித்தவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரியிடம் இவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் கண்டவனுக்கு, இன்னும் ஒரு தாக்குதலில் போர் முடிந்துவிடும் என்ற சொல்லில் நம்பிக்கை எப்படி நிலைக்கும்?

லூடன்டார்ஃப் நிறுத்தவில்லை. ஏப்ரல் 9 அன்று ஃபிளாண்டர்ஸில், மே 27 அன்று எய்ன் ஆற்றங்கரையில், ஜூன் 9 அன்றும் ஜூலை 15 அன்றும் வேறு இடங்களில் என்று அடுத்தடுத்து நான்கு முறை தாக்கினார். மே மாதத் தாக்குதலில் அவருடைய படை மார்ன் ஆற்றை எட்டியது; அங்கிருந்து பாரிஸ் 60 மைலுக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முன்னேற்றமும் வரிசையில் ஒரு புடைப்பை உண்டாக்க, காக்க வேண்டிய போர்முனையின் நீளம் கூடிக்கொண்டே போனது. அதைக் காக்க வேண்டிய ஆள்களோ குறைந்துகொண்டே வந்தார்கள். மார்ச் முதல் ஜூலை வரை ஜெர்மானியர் இழந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம். கூடுதலாகக் கணக்கிடுவோரும் உண்டு. முதலில் மடிந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் வீரர்கள். எஞ்சிய பிரிவுகளில் வயதானவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் மிகுந்தனர். மறுபுறம், ஜூலை தொடக்கத்துக்குள் பத்து லட்சம் அமெரிக்கப் படையினர் கடல் கடந்துவிட்டிருந்தனர். ஜூலை 18 அன்று ஃபோஷ் திருப்பித் தாக்கினார். ஆகஸ்டு 8 அன்று அமியானுக்கு எதிரே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, கனடியப் படைகள் டாங்கிகளுடன் தாக்கியபோது ஜெர்மானியப் பிரிவுகள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தன. அந்த நாளை ஜெர்மானியப் படையின் கருப்பு நாள் என்று லூடன்டார்ஃபே குறிப்பிட்டார். மார்ச்சில் வென்ற நிலம் செப்டம்பருக்குள் கைவிட்டுப் போயிற்று. அந்த நிலத்துக்காகச் செலவிட்ட ஆள்களை எங்கிருந்தும் திரும்பப் பெற முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் தாக்காமல் தற்காத்துக்கொண்டே இருந்திருக்கலாமே? – வாசகி, ஈரோடு

பதில்: 1918-இன் தொடக்கத்தில் ஜெர்மனிக்குக் கிடைத்த வாய்ப்பு குறுகிய காலத்துக்கானது. ரஷ்யாவில் புரட்சி நடந்து, மார்ச் 3 அன்று பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையால் கிழக்குப் போர்முனை ஓய்ந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 50 டிவிஷன்கள், அதாவது பல்லாயிரம் வீரர் கொண்ட பெரும் படைப்பிரிவுகள், மேற்கே வந்தன. அமெரிக்கர்கள் முழு வலிமையோடு வந்து சேர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த வலிமையைக் காட்டி, பெல்ஜியத்தை விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேசும் வழியும் இருந்தது. லூடன்டார்ஃப் அதை விரும்பவில்லை. கிழக்கே பிடித்த நிலத்தையும் விட மனமில்லாமல், அதைக் காக்க ஏறத்தாழ பத்து லட்சம் வீரர்களை அங்கேயே நிறுத்தி வைத்தார். எல்லாவற்றையும் ஒரே அடியில் வெல்ல நினைத்தவர், அந்த அடிக்குத் தேவையான எல்லாவற்றையும் கொண்டுவரவில்லை என்பதுதான் என் மதிப்பீடு.

கேள்வி: படையெடுப்பு, தாக்குதல், பெருந்தாக்குதல் ஆகியவற்றுக்கு வேறுபாடு உண்டா? – தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: உண்டு. ஒரு நாட்டின் எல்லைக்குள் படையோடு புகுவது படையெடுப்பு. ஓர் அரணையோ ஊரையோ குறித்து நடப்பது தாக்குதல். பல படைகள், பல வாரங்கள், ஒரே நோக்கம் என்று திட்டமிட்டு ஒரு போர்முனையின் நிலையையே மாற்ற முயல்வதைப் பெருந்தாக்குதல் என்று இப்பகுதியில் எழுதி வருகிறேன். தாங்கள் நன்கறிந்த புறத்திணைப் பகுப்பும் இங்கே துணை செய்யும். மண்ணைக் கொள்ளும் விருப்பத்தோடு செல்வதை வஞ்சி என்றும், வலிமையையே பொருளாகக் கொண்டு பகைப்படையோடு பொருதுவதைத் தும்பை என்றும் நம் முன்னோர் பிரித்தனர். 1918-இல் லூடன்டார்ஃபுக்கு மண் கிடைத்தது, பகைவரின் படை முறியவில்லை. அடுத்த கேள்விக்கான பதிலில் வருவது அதற்கு நேர்மாறு.

கேள்வி: திட்டமிட்டபடியே வென்று, போரின் போக்கை உண்மையிலேயே மாற்றிய பெருந்தாக்குதல் ஒன்றைச் சொல்ல முடியுமா? – கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: 1944 ஜூனில் சோவியத் படை பெலாரஸில் நடத்திய 'பக்ரதியான்' நடவடிக்கையைச் சொல்வேன். அதே மாதம் 6-ஆம் தேதி நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியதை உலகம் முழுதும் அறியும். இதை நம்மில் பலர் அறியமாட்டோம். ஆனால் ஜெர்மானியப் படை தன் வரலாற்றில் கண்ட ஆகப் பெரிய தோல்விகளில் ஒன்று இதுவே.

ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது 1941 ஜூன் 22. சரியாக மூன்றாண்டு நிறைவில் பக்ரதியான் தொடங்கியது. அதற்கு முந்தைய வாரங்களில் சோவியத் தளபதிகள் செய்தது பெரும்பாலும் மறைப்பு வேலை. அடுத்த அடி தெற்கே, உக்ரைன் பக்கத்திலிருந்து விழும் என்று ஜெர்மானியர் நம்பும்படி அங்கே போலியான நடமாட்டங்களைக் காட்டினர். பெலாரஸுக்கான படைகளை இரவில் மட்டும் நகர்த்தினர். ஜெர்மானியர் அதை நம்பித் தம் டாங்கிப் பிரிவுகளில் பெரும்பகுதியைத் தெற்கே கொண்டுபோய் நிறுத்தினர். ஜூன் 19 இரவில் கெரில்லாக்கள் ஜெர்மானிய வரிசைக்குப் பின்னால் இருந்த ரயில் பாதைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் வெடிவைத்துத் தகர்த்தனர். 1918-இல் தற்காத்தவனுக்கு உதவிய ரயில் இம்முறை உதவ முடியாமற்போனது. தாக்கியவர்களின் நிலையும் மாறியிருந்தது: அமெரிக்கா கடனுதவித் திட்டத்தில் அனுப்பிய லாரிகளில் வெடிமருந்தும் எரிபொருளும் வீரர்களும் டாங்கிகளைத் தொடர்ந்து செல்ல முடிந்தது.

தெற்குப் பகுதிக்குத் தலைமை தாங்கிய ரொக்கசோவ்ஸ்கி, சதுப்பு நிலத்தின் வழியே மரக்கட்டைகளால் பாதை அமைத்து இரண்டு முனைகளில் தாக்க வேண்டும் என்றார். ஒரே முனையில் தாக்க வேண்டும் என்று கருதிய ஸ்டாலின், வெளியே போய் யோசித்து வருமாறு அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பியும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்று சொல்லப்படுகிறது. ஸ்டாலினின் களையெடுப்பில் கைதாகிச் சிறையில் வதைபட்டவர் அவர் என்பதை நினைத்தால், அந்த உறுதியின் அளவு விளங்கும். சதுப்பின் வழியே டாங்கிகள் வரும் என்று ஜெர்மானியர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஹிட்லரின் ஆணையும் சோவியத் படைக்கே உதவிற்று. வீத்தெப்ஸ்க், ஓர்ஷா, மொகிலேவ், பப்ரூய்ஸ்க் ஆகிய நகரங்களைக் கோட்டைகளாக அறிவித்து, கடைசி ஆள் வரை அங்கேயே நின்று காக்கச் சொல்லியிருந்தார். பின்வாங்கிப் பிழைத்திருக்கக்கூடிய பிரிவுகள் சுற்றி வளைக்கப்பட்டு அழிந்தன. ஜூலை 3 அன்று மின்ஸ்க் நகரம் மீட்கப்பட்டது. ஏறத்தாழ 28 டிவிஷன்கள் ஜெர்மானியப் படைப் பட்டியலிலிருந்து மறைந்தன. ஜூலை 17 அன்று 57,000 ஜெர்மானியக் கைதிகள் மாஸ்கோ தெருக்களில் நடத்திச் செல்லப்பட்டனர். ஆகஸ்டுக்குள் சோவியத் படை வார்சாவுக்கு எதிரே விஸ்துலா ஆற்றங்கரையில் நின்றது; அங்கே அதன் வழங்கலும் நீண்டு இளைத்து, வேகம் தணிந்தது.

இதை வெற்றி என்று எழுதும்போதே இன்னொரு கணக்கையும் எழுதாமல் விட மாட்டேன். வென்ற சோவியத் தரப்பில் இறந்தோரும் காணாமற்போனோரும் மட்டும் ஏறத்தாழ 1,80,000 பேர். திட்டம் பலித்து, பகைவன் ஏமாந்து, எல்லாம் நினைத்தபடி நடந்த ஒரு தாக்குதலுக்கு இரண்டு மாதத்தில் கொடுத்த விலை அது.

கேள்வி: சோம் போர் வெறும் படுகொலைதானா, அல்லது அதனால் ஏதேனும் பயன் விளைந்ததா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டுக்கும் ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 1916 ஜூலை 1 அன்று, ஒரு வாரமாகப் பதினைந்து லட்சம் குண்டுகளைப் பொழிந்த பிறகு எதிரில் எவரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிரிட்டிஷ் வீரர்கள் அகழிகளிலிருந்து எழுந்து நடந்தனர். குண்டுகளில் பல வெடிக்கவில்லை, முள்கம்பி அறுபடவில்லை, ஆழமான பதுங்குகுழிகளில் இருந்த ஜெர்மானியர் மேலேறி வந்து இயந்திரத் துப்பாக்கிகளை இயக்கினர். அன்று ஒரு நாளில் பிரிட்டிஷ் இழப்பு 57,470. அவர்களில் இறந்தவர்கள் 19,240. ஒரே ஊரின் நண்பர்களும் உடன் வேலை செய்தவர்களும் சேர்ந்து பணியாற்றலாம் என்ற உறுதிமொழியோடு திரட்டப்பட்ட பட்டாளங்கள் அவை. இங்கிலாந்தின் அக்ரிங்டன் என்ற சிறு நகரத்தின் பட்டாளத்தில் தாக்குதலுக்குச் சென்ற ஏறத்தாழ 720 பேரில் 584 பேர் அரை மணி நேரத்துக்குள் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஒரு தெருவின் எல்லா வீடுகளுக்கும் ஒரே வாரத்தில் சாவுச் செய்தி போய்ச் சேர்வதை எண்ணிப் பாருங்கள்.

நான்கரை மாதத்தில் முன்னேற்றம் ஏழு மைல் அளவுக்குக்கூட இல்லை. ஆயினும் வெர்டனில் பிரெஞ்சுப் படையை நெருக்கிக்கொண்டிருந்த ஜெர்மானிய அழுத்தம் தளர்ந்தது உண்மை. அடுத்த ஆண்டு ஜெர்மானியர் ஹிண்டன்பர்க் வரிசைக்குப் பின்வாங்கியதற்கு அங்கே இழந்த ஆள்பலமும் ஒரு காரணம். அந்தப் பயன் அந்த விலைக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஈடாகாது என்பதே என் பதில்.

கேள்வி: என் பாட்டனார் மலாயாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். இம்பால் தாக்குதல் மட்டும் வென்றிருந்தால் என்று வீட்டில் இன்றும் பேசுவோம். வென்றிருக்க முடியுமா? – வாசகர், பினாங்கு

பதில்: மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர்கள் பலர், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் மிகுதி. அவர்கள் எதை நம்பிச் சென்றார்களோ அதன்மீது எனக்குள்ள மதிப்பு வேறு, அவர்களை அழைத்துச் சென்ற தாக்குதல் திட்டத்தின்மீது எனக்குள்ள கருத்து வேறு என்பதைத் தெளிவுபடுத்திவிட்டே பதில் எழுதுகிறேன்.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி மூன்று டிவிஷன்களோடு, ஏறத்தாழ 85,000 பேரை, பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து மலைக்காடுகளின் வழியே அனுப்பினார். இந்திய தேசிய இராணுவத்தினர் ஏறத்தாழ 6,000 பேர் உடன் சென்றனர். வீரர்கள் சுமந்து சென்றது மூன்று வார உணவு. அதற்குள் இம்பாலைப் பிடித்து, பிரிட்டிஷ் கிடங்குகளிலிருந்து மீதிக்கு உணவு எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். உணவுக்காக ஓட்டிச் சென்ற மாடுகளில் பல ஆற்றிலேயே மூழ்கின. மலைப்பாதைகளில் மற்றவையும் மடிந்தன. எதிர்ப்புறம் இருந்த ஜெனரல் ஸ்லிம், எல்லையில் நின்று போரிடாமல் தம் படைகளை இம்பால் சமவெளிக்கு வேண்டுமென்றே பின்வாங்கச் செய்தார். தம் கிடங்குகளுக்கும் விமானத் தளங்களுக்கும் அருகில் தாம் போரிட வேண்டும், எதிரியோ தன் உணவுப் பாதையின் கடைசி முனையில் போரிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பர்மாவின் மேற்குக் கரையோரமான அரக்கானிலிருந்து ஒரு டிவிஷனையே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார். சாலை துண்டிக்கப்பட்ட பிறகும் இம்பாலுக்கு வானிலிருந்து உணவும் குண்டும் வந்துகொண்டிருந்தன.

கொஹிமாவில், மாவட்ட ஆட்சியரின் பங்களாத் தோட்டத்து டென்னிஸ் மைதானத்தின் இரு ஓரங்களில் நின்று இரு தரப்பினரும் ஒருவர்மீது ஒருவர் கையெறி குண்டுகளை வீசிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமான போர் நடந்தது. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. அந்த நாளைத் தங்கள் வீட்டில் நினைவுகூர்வது இயல்பே. ஆனால் மூன்று வார உணவு அதற்குள் தீர்ந்திருந்தது. மே மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொஹிமாவில் இருந்த ஜப்பானிய டிவிஷனின் தளபதி சாட்டோ, உணவும் குண்டும் வராத நிலையில், ஆணையை மீறித் தம் வீரர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். ஜப்பானியப் படையில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது கேட்டறியாத ஒன்று; அதனால் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்பதை நினைக்கும்போது அவரை நான் குறை கூற மாட்டேன். ஜூன் 22 அன்று இம்பால்–கொஹிமா சாலை திறந்தது. சென்ற ஜப்பானியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ நோயுற்றோ இழப்புப் பட்டியலில் சேர்ந்தனர். பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொன்றவர்கள் ஏராளம். மறு ஆண்டு பர்மா முழுதும் ஸ்லிம்மின் கைக்குப் போனதற்கு, அதைக் காக்க வேண்டிய படை மணிப்பூர் மலைகளில் அழிந்திருந்ததே முதற்காரணம்.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில்: அந்தத் திட்டத்தோடும் அந்த உணவுக் கணக்கோடும் வென்றிருக்க முடியாது. தங்கள் பாட்டனார் தோற்றது வீரக்குறைவால் இல்லை.

கேள்வி: வியட்நாமில் 1968 டெட் தாக்குதலில் கம்யூனிஸ்டுகள் தோற்றார்கள் என்றும், அதுவே அமெரிக்காவைத் தோற்கடித்தது என்றும் இரண்டு விதமாகப் படிக்கிறேன். எது சரி? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் சரி, அவை வெவ்வேறு இடங்களில் நடந்தவை. அந்நாட்டுப் புத்தாண்டான டெட் பண்டிகைப் போர்நிறுத்தத்தின்போது, ஜனவரி 30, 31 தேதிகளில், ஏறத்தாழ 80,000 பேர் தென் வியட்நாமின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களையும் ஊர்களையும் ஒரே சமயத்தில் தாக்கினர். மக்கள் கிளர்ந்தெழுவர் என்று தாக்கியவர்கள் எதிர்பார்த்தனர், மக்கள் எழவில்லை. ஹுவே நகரம் தவிர, பிடித்த இடங்கள் பெரும்பாலும் சில நாள்களிலேயே மீட்கப்பட்டன. தெற்கின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் பிரிவுகள் அடைந்த இழப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததால், அதன் பிறகு போரின் சுமையை வடக்கிலிருந்து வந்த முறைப்படையே பெரிதும் தாங்க நேர்ந்தது. ஹுவே நகரைக் கையில் வைத்திருந்த நாள்களில் கம்யூனிஸ்டுகள் பொதுமக்களைக் கொன்றதையும் மறைக்கக் கூடாது. ஏறத்தாழ 2,800 உடல்கள் பின்னர் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்டன.

மற்றொரு களம் அமெரிக்க வீடுகளின் வரவேற்பறை. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனில் பேசியிருந்தார். அதைக் கேட்டிருந்த மக்கள், சைகோனில் தங்கள் நாட்டுத் தூதரக வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தனர். வெற்றி நெருங்கிவிட்டதென்றால் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. மேலும் 2,06,000 படையினர் வேண்டும் என்ற கோரிக்கை மார்ச்சில் வெளியே தெரிந்தபோது அந்தக் கேள்வி வலுத்தது. மார்ச் 31 அன்று அமெரிக்க அதிபர் ஜான்சன் மீண்டும் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

ஆனால் டெட் போரை முடித்துவிட்டது என்று எழுதுவோரிடம் நான் மாறுபடுகிறேன். அது முடித்தது அமெரிக்காவின் நம்பிக்கையை மட்டுமே. 1968-இல் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே இறந்தனர். பாரிஸ் உடன்பாடு ஏற்பட 1973 ஜனவரி வரை ஆயிற்று. சைகோன் வீழ்ந்தது 1975 ஏப்ரல் 30. வெல்ல முடியாது என்று உணர்ந்த பிறகும் ஏழாண்டுகள் நீண்ட அந்தப் போரில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர்.

கேள்வி: சிறிய இலக்கோடு நடத்திய தாக்குதல் பெரிய பயனைத் தந்ததுண்டா? – வாசகி, சென்னை

பதில்: 1973 அக்டோபர் 6 அன்று எகிப்து சூயஸ் கால்வாயைக் கடந்தது அப்படிப்பட்டது. இஸ்ரேல் கரையோரம் எழுப்பியிருந்த மணல் அரணை உயரழுத்த நீர்ப்பாய்ச்சிகளால் கரைத்து வழி உண்டாக்கி, தம் ஏவுகணைகளின் பாதுகாப்புக் குடைக்குள் சில மைல் மட்டும் முன்னேறி எகிப்தியர் நின்றுகொண்டனர். உடன் போரிட்ட சிரியாவின் நெருக்கடியைத் தணிக்க அக்டோபர் 14 அன்று அந்தக் குடையை விட்டு வெளியேறித் தாக்கியபோது ஒரே நாளில் ஏறத்தாழ 250 டாங்கிகளை இழந்தனர். அதைத் தொடர்ந்து இஸ்ரேலியர் கால்வாயைக் கடந்து மறுகரைக்கே வந்துவிட்டனர். களத்தில் இறுதிக் கை ஓங்கியது இஸ்ரேலுக்குத்தான். இருந்தும் முதல் வாரத்தின் அதிர்ச்சி பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது; 1979-இல் அமைதி உடன்படிக்கையும், இஸ்ரேலின் கையில் இருந்த சினாய் 1982-இல் எகிப்திடம் திரும்பியதும் அதன் தொடர்ச்சி.

கேள்வி: தாக்குதல் பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் தளபதிகள் ஏன் நிறுத்துவதில்லை? – ஓய்வு பெற்ற படைவீரர், வேலூர்

பதில்: களத்தில் இருந்த தங்களுக்கு இதன் விடை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் படித்தவற்றிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1917-இல் பிரெஞ்சுத் தலைமைத் தளபதியான நிவெல், எய்ன் ஆற்றுக்கு மேலுள்ள ஷெமன் தே தாம் முகட்டில் 48 மணி நேரத்துக்குள் ஜெர்மானிய வரிசையை உடைத்துவிடுவதாகவும், முடியாவிட்டால் நிறுத்திவிடுவதாகவும் தம் அரசுக்கு உறுதி தந்தார். அரசியல்வாதிகள் நம்பினர், வீரர்களும் நம்பினர். திட்டத்தின் விவரங்கள் முன்கூட்டியே ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்தன. ஏப்ரல் 16 அன்று பனியும் மழையும் கலந்து பெய்த காலையில் தாக்குதல் தொடங்கியது. 48 மணி நேரத்தில் வரிசை உடையவில்லை. நிவெல் நிறுத்தவும் இல்லை. உறுதிமொழி கொடுத்தவர், அது பொய்த்ததை ஒப்புக்கொள்வதைவிட இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு டிவிஷன் என்று நீட்டிப்பது அவருக்கு எளிதாக இருந்தது. முதல் பத்து நாளில் பிரெஞ்சு இழப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அதன் பிறகு நடந்தது, எந்தத் தளபதியும் எதிர்பாராதது. அகழிகளைக் காப்போம், ஆனால் இனித் தாக்குதலுக்குப் போக மாட்டோம் என்று பிரெஞ்சு வீரர்கள் பிரிவு பிரிவாக மறுத்தனர். பாதி அளவு டிவிஷன்களை அந்த மறுப்பு தொட்டது. நிவெல் நீக்கப்பட்டு, மே மாதத்தில் பெத்தேன் பொறுப்பேற்றார். அவர் அந்த மறுப்புக்குத் தலைவர்கள் எனக் கருதப்பட்ட சிலரைச் சுட்டுக் கொல்லச் செய்தார். அதோடு விடுமுறையை ஒழுங்குபடுத்தி, உணவைச் சீராக்கி, பெருந்தாக்குதல்களை நிறுத்தி வைத்தார். அமெரிக்கர்களுக்காகவும் டாங்கிகளுக்காகவும் காத்திருப்பது என்பதே அவருடைய கொள்கை. அதே ஆண்டு அக்டோபரில், குறுகிய இலக்கோடு, போதுமான பீரங்கிகளோடு அவர் நடத்திய சிறு தாக்குதலால் ஜெர்மானியர் அந்த முகட்டை விட்டு விலகினர்.

முதல் பதிலில் 1918 மே 27 என்று ஒரு தேதியைக் குறிப்பிட்டிருந்தேன். அன்று காலை ஜெர்மானியர் தாக்கியது இதே முகட்டைத்தான். நண்பகலுக்குள் அது அவர்கள் கையில் இருந்தது.